போத்தல் முடியுமட்டும்

ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் பரிசாகத் தந்தார்கள். கலர்ப் பேப்பரில் சுற்றி, நாடாவும் கட்டியிருந்தார்கள். பிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கன்றுக்குச் சேலைன் ஏற்றினால் போத்தல் முடியுமட்டும் இடத்தை விட்டு எழும்பாத டொக்டர் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. மற்றவர்கள் ஊசியை ஏற்றி, குழாயைக் கொழுவி, வீட்டுக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு டொக்டருக்கு எத்தனை ஊர்! நான் மட்டும் சாணிக்குள் குந்திக்கொண்டு இருப்பேன். பொறுப்பான மனிசன் என்று சிலர் சொன்னார்கள், வேலைக் கள்ளன் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு கூட்டத்துக்கும் காரணம் தெரியாது.

என் இடத்துக்கு வந்திருக்கும் டொக்டர் நிரோஷினி கெட்டிக்காரி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மெசினை வைத்திருக்கிறார். ஒரு சொட்டு இரத்தத்தை விட்டால் கன்றின் இரத்தம் எவ்வளவு புளித்திருக்கிறது என்று அது எண்ணில் சொல்லிவிடும். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். பொறுப்பு ஒப்படைத்த கிழமையில் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினேன். ஒரு வீட்டு வாசல் படலையடியில் அந்த வீட்டுப் பெண் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"டொக்டர், மனிசருக்குச் சேலைன் மெதுவாத்தானே ஏத்தவேணும்?"

"ஓம் தங்கச்சி. மனிசருக்கு மெதுவாத்தான். மாட்டுக்குத்தான் கெதியா" என்றேன் நான்.

திரும்பி வரும் வழியில் பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். நிரோஷினி தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். பிறகு கேட்டார்: "சேர், கோவிக்காதேங்கோ. வயித்தோட்டத்தில வத்திப்போன சின்னப் பிள்ளைக்கும் கெதியாத்தானே ஏத்துவினம்? நீங்கள் அவவுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டீங்கள். அடுத்தமுறை போகேக்க நான் விளங்கப்படுத்திவிடட்டோ?"

"வேண்டாம்" என்றேன். அதற்கு மேல் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொல்லக்கூடிய கதை அல்ல அது.

இப்போது, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கென்று கன்றுக் கழிச்சலைப் பற்றி என் அனுபவத்தை எழுதித் தரும்படி அவரே கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். வைத்தியத்தையும் எழுதுகிறேன், தேத்தண்ணிக் கடையில் சொல்லாமல் விட்டதையும் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலைநாட்டுக் குளிரில் சில வருடம் நடுங்கினேன், மற்றவர்களின் கொப்பிகளைப் பார்த்துப் பாடமாக்கினேன், சோதனை பாஸ் பண்ணினேன். கன்றைப் பார்க்கக் கற்றது வன்னிக்கு வந்த பிறகுதான். கற்றுத் தந்தவர் என் மேலதிகாரியான பெண் டொக்டர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய டொக்டர் என்போம். ஆள் கட்டை. சேலைக்குக் கீழே ஆம்பிளைகளின் றப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். யுத்தத்தால் பெற்றோல் வராத காலம் அது. மருந்துப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் மிதித்துப் போவார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பிழை விட்டால் ஏசுவார், சரியாகச் செய்தால் பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமை கிடைத்த நாளில் எனக்குச் சோறு கொஞ்சம் கூட இறங்கும்.

முதல் நாள் ஒரு கன்றைக் காட்டினார்கள். நான் படித்தவன் அல்லவா, வாலைத் தூக்கிக் கழிச்சலின் நிறத்தையும் மணத்தையும் ஆராயத் தொடங்கினேன்.

"பின்பக்கத்தை விடும்" என்றார். "அது கழியிறது வீட்டுக்காரருக்கே தெரியும். நீர் வாய்க்குள்ள விரலை வையும்."

வைத்தேன்.

"என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை டொக்டர்."

"அதுதான் வருத்தம்."

சுகமான கன்றின் வாய்க்குள் விரலை வைத்தால் முலைக்காம்பு என்று நினைத்து இழுத்து உறிஞ்சும். நோய் ஏற ஏற உறிஞ்சல் தளரும். பிறகு சும்மா சப்பும். பிறகு அதுவும் நின்று, வாய் கிணற்றுக் கல்லைப்போலக் குளிர்ந்துவிடும். கண் குழி விழுந்திருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று தெரியும். ஆனால் கன்றைக் கொல்வது பல வேளைகளில் தண்ணீர்க் குறை மட்டும் அல்ல. இரத்தத்தின் புளிப்பை அடக்கி வைத்திருக்கும் காரமும் கழிச்சலோடு போய்விடுகிறது. குடலில் செமிக்காமல் கிடக்கும் பால் புளித்து, அந்தப் புளிப்பும் இரத்தத்தில் சேர்கிறது. பிறந்து ஏழு நாள் தாண்டிய கன்றுகளில் கண் பெரிதாகக் குழி விழாது. கன்று குடிகாரன்போலத் தள்ளாடும், படுக்கும், பிறகு எழும்பாது. புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இந்தக் கன்றுகளில்தான். வெறும் உப்புச் சேலைன் இவற்றை எழுப்பாது. சோடாக் கரைசல் ஏற்ற வேண்டும். கடையில் அப்பத்துக்கு வாங்கும் அப்பச்சோடாதான், நரம்புக்குள் விடுவதற்கென்று சுத்தமாகச் செய்தது. வீட்டுக்காரருக்குப் பெரிய டொக்டர் இதை ஒரே வசனத்தில் சொல்லிவிடுவார்: "இரத்தம் புளிச்சுப்போச்சு, சோடா விட்டு எடுக்கவேணும்."

போத்தலைச் சுடுதண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்து, இளஞ்சூடு வந்த பிறகுதான் கொழுவ விடுவார். பால் விஷயத்தில் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். கழிச்சல் கண்டால் பாலை மறிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். "கழிச்சலில சாகாததைப் பசியில சாகவைக்கப் போறியளோ?" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார்.

அவருடைய நாள்களில் ஒரு நாளை நான் மறக்கவில்லை. மருந்துச் சாமான் எதுவும் ஒழுங்காக வராத வருடங்கள். எங்களிடம் சோடாப் போத்தல் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு பட்டியில் மூன்று கன்றுகள் படுத்துவிட்டன. மூன்றுக்கும் பங்கு போட்டு விடும்படி பட்டிக்காரர் கும்பிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"அரைப் போத்தல் வைத்தியமில்லை" என்றார் பெரிய டொக்டர். "மூண்டுக்குப் பிரிச்சா மூண்டும் சாகும். ஒண்டுக்கெண்டாலும் முழுசாக் குடுக்கவேணும்."

மூன்றின் வாய்க்குள்ளும் விரலை வைத்துப் பார்த்தார். ஒன்று இன்னும் சப்பியது. "இதுக்கு உப்புத்தண்ணி பருக்குங்கோ, இது தானாக் குடிக்கும்" என்றார். அடுத்ததன் கழுத்தைத் தடவி, "இதுக்குக் கொழுவும்" என்றார்.

"அப்ப மற்றது?"

"அதைப் பாக்காதையும்."

போத்தல் முடிந்தபோது அவர் தெரிந்தெடுத்த கன்று தலையைத் தூக்கியது. பார்க்க வேண்டாம் என்று சொன்ன கன்று அதற்கு முன்பே போய்விட்டது. அன்று சைக்கிளில் திரும்பும்போது அவர் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அதை நான் பாராட்டு என்று எடுக்கவில்லை. ஆனால் அவர் செய்தது சரி. குறைத்து விட்ட மருந்து மருந்தல்ல என்பதை அன்றிலிருந்து நானும் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

இனி நிரோஷினி கேட்ட விஷயம்.

யுத்தம் முடிந்து, மீள்குடியேற்றமும் நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. படலையடியில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைக் கமலா என்று சொல்கிறேன், அது அவருடைய பெயர் அல்ல. ஊரையும் சொல்லப்போவதில்லை. ஆனையிறவுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று தகரத்தைத் தின்னும் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள். கணவர் இல்லை. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு கலப்பினப் பசு இருந்தது. அது முதல் கன்று போட்டிருந்தது, பெண் கன்று, நாகு.

எங்கள் பக்கத்து மாடுகள் கன்று இல்லாமல் பால் இறக்காது. முதலில் கன்றை ஊட்ட விட்டு, மடி இறங்கியதும் இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டுத்தான் கறப்பார்கள். கன்று செத்தால் பசு உதைக்கும், பாலை மேலே இழுத்துக்கொள்ளும், சில நாளில் வற்றிவிடும். காலையில் பால் சேகரிக்க வருபவருக்கு ஊற்றும் அந்தப் பாலில்தான் கமலாவின் அடுப்பு எரிந்தது. அந்தக் கன்று போனால் அவருக்கு எல்லாம் போகும்.

மாரி காலத்துக் காலைப்பொழுது. நான் போனபோது கன்றைக் கொட்டிலுக்குள் சாக்கின்மேல் கிடத்தி, தன்னுடைய போர்வையால் மூடியிருந்தார். கண் அவ்வளவாகக் குழி விழவில்லை. வாய்க்குள் விரலை வைத்தேன். குளிர்ந்துபோய் இருந்தது, உறிஞ்சல் இல்லை.

"இரத்தம் புளிச்சுப்போச்சு, தங்கச்சி. சோடா ஏத்தவேணும்."

"ஏத்தினா எழும்புமோ டொக்டர்?"

"எழும்பும். முழுசா ஏறவேணும், அவ்வளவுதான்."

குசினியிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்தார். கழுத்தில் மயிரை வழித்து, பெருவிரலால் அழுத்தி நரம்பைத் தேடினேன். இரத்தம் சுண்டிய கன்றில் நரம்பு எழும்பாது. தோலைச் சின்னதாகக் கீறித்தான் ஊசியை இறக்க முடிந்தது. குழாயை நூலால் தோலோடு தைத்து, போத்தலைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டேன். கமலா அந்தப் போத்தலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மருந்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் போன் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம், கால் மட்டும் வெளியில் நிற்கிறதாம். போகாவிட்டால் தாயும் கன்றும் போகும். மருந்து ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க குழாயில் இருக்கும் சின்னச் சில்லைக் கமலாவுக்குக் காட்டினேன்.

"இதைத் தொடாதேங்கோ. இப்ப ஓடுற மாதிரியே ஓடவேணும். ஒரு மணித்தியாலத்துக்குள்ள போத்தல் முடிஞ்சிடும். முடிஞ்சா இதை இறுக்கிப்போட்டுக் கோல் எடுங்கோ. பெட்டிக்குள்ள இன்னும் போத்தல் இருக்கு, பாருங்கோ" என்று மூடியைத் திறந்தும் காட்டினேன்.

"ஓம் டொக்டர்" என்றார்.

சிக்கிய கன்றை இழுத்து எடுக்க நினைத்ததைவிட நேரம் போயிற்று. உயிரோடுதான் எடுத்தோம். கமலாவிடமிருந்து கோல் வரவில்லை. மனம் சொன்னதைக் கேட்டு, கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் திரும்பி ஓடினேன்.

கமலா கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். போத்தலில் கால்வாசிகூட இறங்கவில்லை. குழாயில் ஒரு சொட்டு தொங்கி, யோசித்து, விழுந்தது. அடுத்த சொட்டு வர மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "டொக்டர், பயப்பிடாதேங்கோ. முடிய விடேல்லை. சில்லைக் கொஞ்சம் இறுக்கிப்போட்டன்."

"இன்னும் இருக்கெண்டு காட்டினனானெல்லோ, தங்கச்சி?"

"ஓம், காட்டினீங்கள். எண்டாலும் அது முடிஞ்சு போறதைப் பாத்துக்கொண்டு என்னால இருக்கேலாது."

ஏசவில்லை. ஏச நேரமும் இல்லை. கன்றின் மூச்சு ஆழமாகவும் விட்டுவிட்டும் வந்தது. குழாயில் இரத்தம் உறைந்திருக்கவில்லை, அது ஒரு அதிர்ஷ்டம். சில்லை முழுதாகத் திறந்து, கயிற்றைச் சுருக்கிப் போத்தலை இன்னும் உயரத்தில் கட்டினேன். மருந்து நூலாக இறங்கியது. அடுத்த போத்தலைச் சுடுதண்ணீரில் போடச் சொன்னேன். போட்டுவிட்டு வந்து எனக்கு எதிரே குந்தினார். மழை விட்டிருந்தது. அப்போதுதான் சொல்லத் தொடங்கினார், நான் கேட்காமலேயே.

கடைசி இடப்பெயர்வில் தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். அங்கேதான் ஆஸ்பத்திரி இயங்கியது. மகனைச் சீமெந்து நிலத்தில் பாயில் கிடத்தி, யன்னல் கம்பியில் போத்தலைக் கட்டினார்களாம்.

"நேர்ஸ் பிள்ளை சொன்னவா, அம்மா இதுதான் கடைசிப் போத்தல், இனி இல்லையெண்டு. நான் பாத்துக்கொண்டு இருந்தனான். ஓடி ஓடிக் குறையுது. முடிஞ்சா என்ர பிள்ளை முடிஞ்சானெண்டு நினைச்சன். அவா அங்கால போக, நான் மெல்லமாச் சில்லை இறுக்கிப்போட்டன். விடியமட்டும் வந்தது டொக்டர். விடியேக்க போத்தலுக்குள்ள இன்னும் இருந்தது. அவன்தான் இல்லை."

அழவில்லை. அந்த இரவு முழுக்க மகனைப் பிடித்து வைத்திருந்தது தன் கைதான் என்று நம்பியே சொன்னார். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆறுதல் அது. கன்றின் காதைத் தொட்டுப் பார்த்தேன். குளிர் கொஞ்சம் குறைந்திருந்தது.

இரண்டாவது போத்தல் பாதி இறங்கியபோது கன்று தலையைத் தூக்கியது. நாக்கால் மூக்கை நக்கியது. விரலை வைத்தேன், பிடித்து இழுத்தது. கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றிப் பார்த்தது, விழுந்தது, பிறகு எழும்பி நின்றது. கொட்டிலுக்கு வெளியே தாய் கத்தியது, கன்று பதிலுக்குக் கத்தியது. என் வேலையில் இதைவிடச் சந்தோஷமான நேரம் வேறு இல்லை. இந்த இடத்தில் வீட்டுக்காரர் சிரிப்பார்கள், அழுவார்கள், தேத்தண்ணி போட ஓடுவார்கள்.

கமலா கன்றைப் பார்க்கவில்லை. அந்தச் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், திறந்துவிடத்தான் எழும்பினது, என்ன?"

நான் முடிந்த போத்தலை இறக்கி, கன்றின் கழுத்திலிருந்த ஊசியைக் கழற்றினேன்.

"அப்ப நான் அண்டைக்கு இறுக்காமல் விட்டிருந்தா?"

"தங்கச்சி, அது வேற. காயம் பட்ட பிள்ளைக்கு..."

"காயமில்லை டொக்டர். அவனுக்கும் வயித்தோட்டம்தான்."

கன்று தள்ளாடித் தள்ளாடித் தாயிடம் போய் மடியை முட்டியது. நான் அவரைப் பார்க்காமல், கையில் இருந்த குழாயைச் சுருட்டிக்கொண்டு சொன்னேன்: "மாட்டின்ர உடம்பு வேற, மனிசற்ற உடம்பு வேற. மாட்டுக்குக் கெதியா விடவேணும். மனிசருக்கு மெதுவாத்தான் விடவேணும், கெதியா விட்டா இதயம் தாங்காது. நீங்கள் செய்தது சரி."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார். எழும்பிப் போய்க் கன்றை விலக்கித் தாயின் காலோடு கட்டிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு கறக்கக் குந்தினார்.

பிறகு ஒரு நாள், மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் என் சிநேகிதன் ஒருவனிடம் இதைக் கேட்டேன். நன்றாக வற்றிய பிள்ளைக்குக் கெதியாகத்தான் விட வேண்டும் என்றான். பட்டினியில் மெலிந்த பிள்ளை என்றால் பார்த்து மெதுவாகத்தான் விட வேண்டும் என்றும் சொன்னான். "அப்ப இந்தப் பிள்ளைக்கு?" என்றேன். "நான் அந்தப் பிள்ளையைப் பாக்கேல்லையே" என்றான். அதோடு அந்தக் கதை முடிந்தது. யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

அன்றிலிருந்துதான் நான் போத்தல் முடியுமட்டும் எழும்புவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு வந்தால் பக்கத்து டொக்டரைக் கெஞ்சியாவது அனுப்புவேன். கன்று செத்துவிடுமே என்ற பயம் மட்டும் அல்ல. கடைசிப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாருடைய கையிலும் அந்தச் சில்லைக் கொடுத்துவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை. கன்று எழும்புவதைப் பார்த்து இன்னொருத்தி அதே கேள்வியைக் கேட்டால் என்னிடம் இரண்டாவது பொய் இல்லை.

நிரோஷினி, அந்த முக்காலியை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளும். அந்த நாகு இப்போது கிழப்பசு, அதன் கன்றுகளும் கன்று போட்டுவிட்டன. வருடத்தில் இரண்டு மூன்று தரமாவது அந்த வீட்டுக்கு நீர் போகவேண்டி வரும். நான் சொன்னதை அவா நம்புகிறாவா என்று எனக்குத் தெரியாது. நம்புகிற ஒருத்தி அதையே இத்தனை வருடமாகக் கேட்பாளா என்றும் யோசித்திருக்கிறேன். மாட்டைக் காட்ட முதல், படலையைப் பிடித்துக்கொண்டு கேட்பா. உம்முடைய மெசின் பைக்குள் இருக்கட்டும். "ஓம் அக்கா, மனிசருக்கு மெதுவாத்தான்" என்று சொல்லும். என்னைப்போலக் குழாயைச் சுருட்டிக்கொண்டு சொல்லாமல், அவாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்.